கூட்டணி எப்போது பேசப்படுகிறது? கட்சிகளின் எண்ணிக்கையும் வாக்கெண்ணும் முறையும்

சில நாடுகளில் இரண்டே கட்சிகள் மாறி மாறி ஆள்கின்றன. சில நாடுகளின் நாடாளுமன்றத்தில் பதினைந்து கட்சிகள் உட்கார்ந்திருக்கின்றன. இதற்குக் காரணம் மக்களா, தேர்தல் முறையா? விகிதாசார முறை, அதாவது வாங்கிய வாக்கின் பங்குக்கு ஏற்ப இடம் தரும் முறை, என்றாலே நிலையில்லாத ஆட்சிதானா? ஒரு நாடு நினைத்தால் தன் முறையை மாற்றிக்கொள்ள முடியுமா? கேட்கப்பட்டவை இந்த மூன்று கேள்விகள். ஒன்றின் விடை இன்னொன்றில் போய் முட்டுவதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டிலும் எல்லா விஷயத்திலும் ஒரே மாதிரி நினைக்கிற பெரும்பான்மை என்று ஒன்று கிடையாது. தொழிலாளி, விவசாயி, வணிகர், மதப்பற்றாளர், மொழிப்பற்றாளர் என்று பல தரப்பும் சேர்ந்தால்தான் பாதியைத் தாண்ட முடியும். ஆகவே எல்லா ஆட்சியும் ஏதோ ஒரு விதத்தில் கூட்டணி ஆட்சிதான். அந்தக் கூட்டணி எப்போது பேசி முடிக்கப்படுகிறது, ஒரு கட்சிக்குள்ளேயா கட்சிகளுக்கு இடையிலா, வாக்காளருக்குத் தெரிந்தா தெரியாமலா என்பதைத்தான் தேர்தல் முறை தீர்மானிக்கிறது. கட்சிகளின் எண்ணிக்கை இதன் விளைவு.

முதலில், வாக்கை எண்ணும் விதம் முடிவை எவ்வளவு தூரம் புரட்டும் என்று பார்ப்போம். பிரிட்டனில் 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி வாங்கியது 33.7 சதவீத வாக்கு. கிடைத்த இடம் 650-க்கு 411. மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடம். அதே தேர்தலில் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கி 5 இடத்தோடு நின்றது. லிபரல் டெமாக்ரட்டுகள் அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கி 72 இடம் பெற்றார்கள். ரிஃபார்ம் கட்சியின் வாக்கு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது. பல தொகுதிகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்து வீணானது. லிபரல் டெமாக்ரட்டுகளின் வாக்கோ சில தொகுதிகளில் குவிந்திருந்தது. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்பதைப் போலவே அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

கனடாவின் 1993 தேர்தலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்புதான். அதுவரை ஆண்டுகொண்டிருந்த முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சி 16 சதவீத வாக்கு வாங்கியது. 295 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 2. கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிட்ட பிளாக் கியூபெக்வா 13.5 சதவீதம் வாங்கி 54 இடங்களோடு அதிகாரபூர்வ எதிர்க்கட்சி ஆனது. கனடாவிலிருந்து பிரிய வேண்டும் என்ற கொள்கை கொண்ட கட்சி கனடாவின் எதிர்க்கட்சி! நாடு முழுவதும் பரவலாக ஆதரவுள்ள கட்சி காணாமல் போனது. ஒரே மாகாணத்தில் வேரூன்றிய கட்சி மேலே வந்தது. இந்த முறை பெரிய கட்சிகளுக்குச் சாதகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஓரிடத்தில் குவிந்த கட்சி சின்னதாக இருந்தாலும் அதற்கும் இது சாதகம்.

இந்தியாவில் 2014-இல் நடந்ததும் அதேதான். நாடளவில் வாக்கு எண்ணிக்கையில் மூன்றாவதாக வந்தது பகுஜன் சமாஜ் கட்சி, 4 சதவீதத்துக்கு மேல். இடம் பூஜ்யம். அதைவிடக் குறைந்த வாக்கு வாங்கிய திரிணாமுல் காங்கிரஸுக்கு 34, அ.தி.மு.க.வுக்கு 37. பாரதிய ஜனதா 31 சதவீதத்தில் 282 இடங்களோடு தனிப் பெரும்பான்மை பெற்றது.

சரி, இப்போது கட்சிகளின் எண்ணிக்கைக்கு வருவோம். பிரெஞ்சு அரசியலறிஞர் மொரீஸ் துவெர்ஜே 1950-களின் தொடக்கத்தில் சொன்ன ஒரு கருத்தை இந்தத் துறையில் எல்லாரும் தொட்டுத்தான் போவார்கள். தொகுதிக்கு ஒருவர், ஒரே சுற்று, அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்றால் காலப்போக்கில் இரண்டு கட்சிகளே மிஞ்சும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, கணக்கு. மூன்றாவதாக வருபவருக்கு எந்தத் தொகுதியிலும் எதுவும் கிடைக்காது. இரண்டாவது, வாக்காளரின் மனம். நமக்குப் பிடித்தவர் எப்படியும் தோற்பார் என்று தெரிந்தால், பிடிக்காதவர் ஜெயிக்காமல் இருக்க இன்னொருவருக்குப் போட்டுவிடுகிறோம். கட்சிகளும் இதை உணர்ந்து போட்டியிலிருந்து விலகும் அல்லது இணையும்.

விலகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 2000 அதிபர் தேர்தலே சாட்சி. ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு விழுந்தவை 97,488. அவருக்கு வாக்களித்தவர்களில் ஒரு சிறு பகுதியினர் மனம் மாறியிருந்தாலும் அதிபர் வேறொருவர். ஜனநாயகக் கட்சியின் அல் கோர் நாடளவில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1992-இல், சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 18.9 சதவீத வாக்கு வாங்கியும், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவருக்கு ஒரு வாக்குகூடக் கிடைக்கவில்லை. இப்படி நடந்தால் மூன்றாவது கட்சி எப்படி வளரும்?

ஆஸ்திரேலியா இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. 1918-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் இடைத்தேர்தல். தொழிற்கட்சிக்கு எதிரான வாக்கு விவசாயிகளின் வேட்பாளருக்கும் நேஷனலிஸ்ட் வேட்பாளருக்கும் இடையில் பிரிந்தது. 34 சதவீதத்தோடு தொழிற்கட்சி ஜெயித்தது. ஆட்சியிலிருந்தவர்கள் அதே ஆண்டு சட்டத்தை மாற்றி, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இன்றும் அங்கே லிபரல் கட்சியும் நேஷனல் கட்சியும் தனித்தனியாக இருந்துகொண்டே கூட்டாளிகளாக இயங்க முடிவதற்கு இந்த வரிசை முறை ஒரு முக்கியக் காரணம். ஓட்டுப் பிரியும் என்ற பயம் குறைந்தால் இணைந்தே தீர வேண்டிய கட்டாயமும் குறைகிறது. ஆனால் இதை விகிதாசாரம் என்று எண்ணிவிட வேண்டாம். 2025-இல் தொழிற்கட்சி முதல் விருப்பத்தில் 34.6 சதவீதம் வாங்கி 150-இல் 94 இடம் பிடித்தது.

துவெர்ஜேயின் விதி இந்தியாவில் பொய்த்துவிட்டது என்று அடிக்கடி சொல்வார்கள். இரண்டு கட்சி எங்கே, மக்களவையில் சுமார் நாற்பது கட்சிகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். உண்மையில் அந்த விதி தொகுதி மட்டத்தில் வேலை செய்கிறது. பெரும்பாலான தொகுதிகளில் உண்மையான போட்டி இரண்டு பேருக்கு இடையில்தான். ஆனால் அந்த இரண்டு பேர் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளத்தில் மோதிக்கொள்ளும் இரண்டு அணிகளும் மேற்கு வங்கத்தில் மோதிக்கொள்ளும் இரண்டு அணிகளும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் ஒரே அவையில் கொண்டுவந்து உட்காரவைத்தால் நாற்பது ஆகிறது. மொழியும் பிராந்தியமும் சாதியும் அரசியலைப் பிரிக்கும் கோடுகளாக இருக்கிற நாட்டில், தேர்தல் முறை அந்தக் கோடுகளை அழித்துவிடாது. அவை எங்கே வெளிப்படும் என்பதை மட்டுமே மாற்றும்.

பெல்ஜியத்தைப் பாருங்கள். அங்கே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, லிபரல் கட்சி, சோஷலிசக் கட்சி மூன்றுமே 1960-களின் இறுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக டச்சு மொழிக் கட்சி, பிரெஞ்சு மொழிக் கட்சி என்று இரண்டாக உடைந்தன. அந்த நாடு 1899-லேயே விகிதாசார முறையை ஏற்றுக்கொண்டது. உடைந்தது எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து. முறை அப்படியே இருந்தது, சமூகத்தின் பிளவு முற்றியது, கட்சிகள் இரட்டித்தன. நேர் எதிராக மால்டா. அங்கே விகிதாசார வகையைச் சேர்ந்த ஒற்றை மாற்று வாக்கு முறை (பல உறுப்பினர் தொகுதியில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது), தொகுதிக்கு ஐந்து உறுப்பினர்கள். பல கட்சிகள் வர எல்லா வசதியும் இருந்தும் 1966 முதல் அநேகமாக எல்லாத் தேர்தலிலும் இரண்டே கட்சிகள். ஆகவே மக்களா முறையா என்ற கேள்விக்கு விடை: பிளவுகள் சமூகத்திலிருந்து வருகின்றன, அவற்றில் எத்தனை தனிக் கட்சியாக நிற்கக் கட்டுப்படியாகும் என்பதை முறை சொல்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக ஆட்கள் வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அந்தக் கதவின் அகலம் எதைப் பொறுத்தது? முறையின் பெயரைவிட ஒரு தொகுதிக்கு எத்தனை உறுப்பினர் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நெதர்லாந்தில் நாடு முழுவதும் ஒரே தொகுதி போலத்தான், 150 இடங்கள். ஓர் இடத்துக்குத் தேவையான வாக்கு, அதாவது 0.67 சதவீதம், கிடைத்தால் போதும், உள்ளே வரலாம். விலங்குகளின் உரிமைக்கென்று ஒரு கட்சி 2006 முதல் அங்கே நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 2021-இல் 17 கட்சிகள் இடம் பெற்றன. அயர்லாந்தில் தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து பேர். அதனால் அங்கே கட்சிகள் பல, ஆனால் நெதர்லாந்து அளவுக்கு இல்லை. ஒரே ஓர் இடமுள்ள தொகுதியில் விகிதாசாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதிபர் பதவியும் நாடு முழுக்க ஓர் இடம்தான். அதனால்தான் அதிபர் ஆட்சி உள்ள நாடுகளில் அந்தத் தேர்தல் கட்சிகளை இரண்டு அணிகளை நோக்கி இழுக்கிறது.

அப்புறம் வெட்டுப்புள்ளி. இத்தனை சதவீதத்துக்குக் கீழே வாங்கிய கட்சிக்கு இடமில்லை என்ற எல்லை. சின்ன எண்தான், ஆனால் ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பிவிடும். போலந்து 1991-இல் முதல் முழுச் சுதந்திரத் தேர்தலை நடத்தியபோது வெட்டுப்புள்ளி பெயருக்குத்தான் இருந்தது. 29 அணிகள் உள்ளே வந்தன; பீர் பிரியர்கள் கட்சிக்குக்கூட 16 இடம். முதலிடம் பிடித்த கட்சிக்கு 12 சதவீதம்தான். இது சரிவராது என்று 1993-இல் 5 சதவீத எல்லை வைத்தார்கள். வலதுசாரிக் கட்சிகள் இணைய மறுத்துத் தனித்தனியாகவே நின்றன. மூன்றில் ஒரு பங்கு வாக்கு எல்லைக்குக் கீழே விழுந்து வீணானது. பழைய ஆட்சியின் வாரிசுகளான இரண்டு கட்சிகள் இரண்டுமாகச் சேர்ந்து 36 சதவீத வாக்கில் 460 இடங்களில் 303-ஐப் பெற்றன. கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்து நான்கே ஆண்டுகளில் அதன் வாரிசுகள் மீண்டும் ஆட்சியில். சட்டம் மாறிய வேகத்துக்குக் கட்சித் தலைவர்களின் மனம் மாறவில்லை.

துருக்கியில் 2002-இல் எல்லை 10 சதவீதம். இரண்டே கட்சிகள் அதைத் தாண்டின. சுமார் 45 சதவீத வாக்காளர்களின் வாக்கு எந்தக் கட்சிக்கும் இடமாக மாறவில்லை. 34.3 சதவீதம் வாங்கிய நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சிக்கு 550-இல் 363 இடம். பெயரளவில் விகிதாசார முறை. பலனில் பிரிட்டனின் முறையைவிட மோசம். அந்த எல்லையை 7 ஆகக் குறைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து சதவீத எல்லையை யார் எந்தக் காரணம் சொல்லி நியாயப்படுத்தினாலும் என்னால் ஏற்க முடியாது. கோடிக்கணக்கான மக்களிடம் "நீங்கள் வாக்களிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்வதற்குச் சமம் அது.

ஐந்து சதவீதம்கூட விளிம்பில் கடுமையாகத்தான் வெட்டும். ஜெர்மனியின் 2025 தேர்தலில் சாரா வாகன்க்னெக்ட்டின் கட்சி வாங்கியது 4.98 சதவீதம். பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் எல்லையைத் தவறவிட்டது. அது உள்ளே வந்திருந்தால் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அணிக்கும் சமூக ஜனநாயகக் கட்சிக்கும் சேர்த்துப் பெரும்பான்மை கிடைத்திருக்காது. மூன்றாவதாக ஒரு கட்சியைத் தேட வேண்டியிருந்திருக்கும். 630 பேர் கொண்ட அவையில் இரண்டுக்கும் சேர்த்து 328 இடம் கிடைத்ததற்கு அந்தச் சில ஆயிரம் வாக்குகளே காரணம்.

ஜெர்மனி ஏன் அப்படி ஓர் எல்லை வைத்தது என்றால், நாஜிகளுக்கு முன் அங்கே இருந்த வைமார் குடியரசின் நினைவு. அங்கே 60,000 வாக்குக்கு ஓர் இடம் என்று கணக்கு. நாடாளுமன்றம் சிதறியது, ஆட்சிகள் கவிழ்ந்தன, நாஜிகள் வந்தார்கள், ஆகவே விகிதாசாரம்தான் குற்றவாளி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1932 ஜூலையில் நாஜிக் கட்சி 37.3 சதவீத வாக்கோடு மற்ற எல்லாரையும்விட வெகுவாக முந்தி நின்றது. தொகுதிக்கு ஒருவர் முறை இருந்திருந்தால் அந்த வாக்குக்குத் தனிப் பெரும்பான்மையே கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வைமாரை வீழ்த்தியதில் பொருளாதாரச் சரிவுக்கும் அதிபரின் அவசரச் சட்ட அதிகாரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வாக்கெண்ணும் முறைமேல் மட்டும் பழி போடுவது எளிது, அவ்வளவுதான்.

போருக்குப் பின் ஜெர்மானியர்கள் செய்த இன்னொரு மாற்றத்தை வெட்டுப்புள்ளியைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு பிரதமரைக் கவிழ்க்க வேண்டுமானால், அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மட்டும் ஒன்றுசேர முடியாது. யார் வேண்டும் என்றும் ஒன்றுசேர்ந்து சொல்ல வேண்டும். அது வெற்றி பெற்றது ஒரே ஒரு முறை, 1982-இல் பிரதமர் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோல் வந்தபோது.

நிலைத்தன்மை பற்றிய இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. விகிதாசாரம் என்றால் நிலையற்ற ஆட்சி என்று சொல்பவர்கள் இஸ்ரேலையும் இத்தாலியையும் காட்டுவார்கள். இஸ்ரேலில் 2019 ஏப்ரல் முதல் 2022 நவம்பர் வரை ஐந்து பொதுத்தேர்தல்கள் நடந்தது உண்மை. ஆனால் அங்கேலா மெர்க்கெல் 2005 முதல் 2021 வரை பதினாறு ஆண்டுகள் ஆண்டது முழுக்க முழுக்கக் கூட்டணி ஆட்சிகளாக. தனிக்கட்சி ஆட்சியின் தாயகமான பிரிட்டனில் 2022 என்ற ஒரே ஆண்டில் மூன்று பிரதமர்கள். டென்மார்க்கில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அங்கே ஓர் அரசு அமையப் பெரும்பான்மை ஆதரவாக வாக்களிக்க வேண்டியதில்லை, பெரும்பான்மை எதிர்க்காமல் இருந்தால் போதும். அந்த நாடு நன்றாகத்தான் நடக்கிறது. இத்தாலியில் அரசுகள் வருடத்துக்கொன்றாக மாறிய காலத்திலும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஆட்சியைவிட்டு இறங்கவே இல்லை. அங்கே குறை ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது என்பதைவிட, ஆளும் கட்சியை மாற்ற மக்களால் முடியவில்லை என்பதுதான்.

விகிதாசாரத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டணி தேர்தலுக்குப் பிறகு பேசப்படுகிறது. நெதர்லாந்தில் 2021 தேர்தலுக்குப் பின் புது அரசு பதவியேற்க 299 நாட்கள் ஆயின. பெல்ஜியத்தில் 2010-11-இல் 541 நாட்கள். காலதாமதத்தை விடுங்கள், அதுவரை பழைய அரசு இடைக்காலமாக வேலை பார்க்கும். வாக்காளர் தான் போட்ட வாக்கு எந்தக் கூட்டணிக்குப் போய்ச் சேரும் என்று தெரியாமலே போட்டார் என்பதுதான் உறுத்தல்.

தொகுதிக்கு ஒருவர் முறையில் இந்தப் பேரம் முன்னாலேயே நடக்கிறது. இந்தியாவில் தொகுதிப் பங்கீட்டு மேசையில். அதை வாக்காளர் பார்க்கிறார், பிடிக்காவிட்டால் தண்டிக்கிறார். பிரான்ஸில் இரண்டு சுற்றுக்கு நடுவில். 2024 ஜூன் 30-இல் முதல் சுற்றில் மரீன் லெ பென்னின் தீவிர வலதுசாரித் தேசிய அணி முன்னிலை பெற்றதும், மற்றவர்கள் ஒரே வாரத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்களை விலக்கிக்கொண்டார்கள். அந்த அணி இடக் கணக்கில் மூன்றாவதாகத் தள்ளப்பட்டது. அமெரிக்காவில் பேரம் கட்சிக்குள், உட்கட்சித் தேர்தலில். வேறொரு நாட்டில் தனித்தனிக் கட்சிகளாக இருக்கக்கூடியவர்கள் அங்கே ஒரே பெயரின் கீழ் இருக்கிறார்கள். அதனால்தான் புதிய சக்திகள் அங்கே புதுக்கட்சியாக வெளியிலிருந்து வருவதில்லை. 2016-இல் டிரம்ப் செய்ததுபோல் இருக்கிற கட்சியை உள்ளிருந்து கைப்பற்றுகின்றன.

கட்சிகளுக்கு இடையிலான கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றைத் தவறவிடுவோம். ஒரு கட்சிக்குள் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதையும் தேர்தல் முறைதான் வகுக்கிறது. இலங்கை இதற்கு நல்ல பாடம். 1977-இல் அங்கே தொகுதிவாரி முறை. ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீத வாக்கில் 168-க்கு 140 இடம் பெற்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஏறக்குறைய 30 சதவீத வாக்கு வாங்கியும் 8 இடம்தான். வடக்கிலும் கிழக்கிலும் குவிந்த ஆதரவைக் கொண்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 6 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி 18 இடம் பெற்றது. அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. அதோடு விருப்பு வாக்கும் வந்து சேர்ந்தது: வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி) போட்டபின், அதே கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை தேர்ந்தெடுக்கலாம்.

கேட்க நல்ல ஏற்பாடு. கட்சித் தலைமை தயாரித்த வரிசையை மக்கள் மாற்றலாம். ஆனால் நடைமுறையில், ஒரு மாவட்டத்தில் ஒரே கட்சியைச் சேர்ந்த வேட்பாளர்கள் ஒருவரையொருவர் தோற்கடிக்க வேண்டிய நிலை. மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணம் வேண்டும்; பணம் உள்ளவருக்கே வாய்ப்பு. விருப்பு வாக்குக்காகச் சொந்தக் கட்சிக்காரர்களுக்குள்ளேயே மோதல் என்பது அங்கே பழகிப்போன செய்தி. ஜப்பானிலும் 1993 வரை இதே நோய் வேறு உருவில் இருந்தது. தொகுதிக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து பேர், வாக்காளருக்கு ஒரே வாக்கு. பெரும்பான்மை வேண்டுமானால் லிபரல் ஜனநாயகக் கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தியாக வேண்டும். கொள்கையில் வேறுபாடு காட்ட முடியாதவர்கள் எதைக் காட்டி வாக்குக் கேட்பார்கள்? சலுகை, சொந்த ஆதரவாளர் மன்றம், அதற்குப் பணம் தரும் கோஷ்டித் தலைவர். ஊழல்கள் வெடித்த பிறகு 1994-இல் முறையை மாற்றினார்கள்.

இதற்கு எதிர்முனை தென்னாப்பிரிக்காவின் மூடிய பட்டியல். 1994 முதல் 2019 வரையிலான தேர்தல்களில் அங்கே வாக்கு கட்சிக்கு மட்டும். ஆட்களின் வரிசையைக் கட்சியே தீர்மானித்தது. நிறவெறி ஆட்சியிலிருந்து மீண்ட நாட்டில் சின்னக் குழுக்கள்கூட உள்ளே வர அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் உறுப்பினர் பயப்பட வேண்டியது தலைமைக்குத்தான், வாக்காளருக்கு இல்லை என்றாகிவிடுகிறது.

இத்தனையும் வைத்து எது மேல் என்று என்னைக் கேட்டால், தொகுதிக்கு நான்கைந்து பேர் என்ற அளவான விகிதாசாரத்தின் பக்கம்தான் நான். ஒரு கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கில் நாட்டை முழுதாக எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஒரு சதவீதக் கட்சி அரசைப் பணயம் வைக்கவும் முடியாது. அயர்லாந்தின் ஒற்றை மாற்று வாக்கு இதற்கு நெருக்கமானது. அதற்கும் விலை உண்டு. எண்ணி முடிக்கச் சில தொகுதிகளில் நாட்கள் ஆகும். உறுப்பினர்கள் தேசியச் சட்டங்களைவிடத் தொகுதி மக்களின் சில்லறை வேலைகளில் மூழ்கிப்போகிறார்கள் என்ற குறையும் நியாயமானது. கணக்கும் எப்போதும் கைகொடுக்காது. அதே முறையுள்ள மால்டாவில் 1981-இல் 50.9 சதவீதம் வாங்கிய தேசியவாதக் கட்சிக்கு 31 இடம், குறைவாக வாங்கிய தொழிற்கட்சிக்கு 34. பெரிய கொந்தளிப்புக்குப் பிறகு, பெரும்பான்மை வாக்கு வாங்கியவருக்குக் கூடுதல் இடம் தரும் திருத்தத்தை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள்.

கலப்பு முறைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, ஒரு வாக்கு கட்சிக்கு, தொகுதிகளில் குறைவாகப் பெற்ற கட்சிக்குப் பட்டியலிலிருந்து ஈடு செய்வது என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்ததுதான். ஆனால் கட்சிகள் அதை ஏமாற்றக் கற்றுக்கொள்கின்றன. தென்கொரியாவில் 2020-இல் இரண்டு பெரிய கட்சிகளுமே பெயருக்குத் தனியான துணைக்கோள் கட்சிகளை உருவாக்கி, கட்சி வாக்கை அங்கே திருப்பி, ஈட்டு இடங்களையும் தாங்களே அள்ளிக்கொண்டன. லெசோத்தோ 1998-இல் 60 சதவீத வாக்குக்கு 80-இல் 79 இடம் ஒரே கட்சிக்குப் போய், கலவரம் வெடித்து, அண்டை நாட்டுப் படைகள் வரும் நிலைக்குப் போன நாடு. அதற்கு மருந்தாகத்தான் 2002-இல் 40 ஈட்டு இடங்களோடு கலப்பு முறை கொண்டுவந்தார்கள். முதல் தடவை அந்த 40-உம் எதிர்க்கட்சிகளுக்கே போயின. 2007-இல் அங்கேயும் இதே தந்திரம் வந்துவிட்டது. பிறகு இரண்டு வாக்கை ஒரே வாக்காக்கி அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

கடைசிக் கேள்வி, மாற்ற முடியுமா என்பது. முடியும், ஆனால் அரிது. மாற்றும் அதிகாரம் பழைய முறையில் ஜெயித்தவர்கள் கையில் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005 வாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாற்றம் கேட்டும், 60 வேண்டும் என்ற நிபந்தனையால் நடக்கவில்லை. பிரிட்டனில் 2011-இல் ஆஸ்திரேலியா போன்ற வரிசை முறையைப் பற்றிக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றனர். அயர்லாந்தில் 1959-லும் 1968-லும் ஆளுங்கட்சி ஒற்றை மாற்று வாக்கை ஒழிக்கப் பார்த்தது. இரண்டு முறையும் மக்கள் மறுத்தார்கள்.

சாதித்துக் காட்டியது நியூசிலாந்து. 1978-லும் 1981-லும் அதிக வாக்கு வாங்கிய தொழிற்கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. 1981-இல் சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 20.7 சதவீத வாக்கு, 92-இல் 2 இடம். 1986-இல் ஓர் அரச ஆணையம் ஜெர்மானிய வகைக் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. இரண்டு பெரிய கட்சிகளும் இழுத்தடித்தன. பொருளாதாரக் கொள்கைகளில் இரண்டு கட்சிகளும் வாக்குறுதி மீறிவிட்டன என்ற கோபம் மக்களிடம் சேர்ந்தபின் 1992-இல் வாக்கெடுப்பு, 84.7 சதவீதம் பேர் மாற்றம் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு 53.9 சதவீதத்தில் கலப்பு முறை வென்றது. 1996-இல் முதல் தேர்தல். ஐந்து தேர்தல்கள் பார்த்தபின் 2011-இல் மக்களிடம் மறுபடி கேட்டார்கள், வைத்துக்கொள்வதா விடுவதா என்று. 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருக்கட்டும் என்றார்கள். அங்கே இன்னும் முடியாத வழக்கு ஒன்றே ஒன்றுதான்: 5 சதவீத எல்லை. 2012-இல் தேர்தல் ஆணையம் 4 ஆக்கலாம் என்றது. 2023-இல் இன்னொரு சுயேச்சைக் குழு 3.5 போதும் என்றது. எண் இன்னும் 5-இலேயே நிற்கிறது. அதைக் குறைக்கும் சட்டத்துக்கு வாக்களிக்க வேண்டியவர்கள், அந்த எல்லையைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்கள்.